முப்பது ஆண்டு இரண்டாம் இருக்கை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் நடைபெறும்போது களத்தின் ஓரத்தில் வரிசையாக நாற்காலிகள் இடப்பட்டிருக்கும். முதல் நாற்காலி தலைமைப் பயிற்சியாளருக்கு உரியது. வெற்றி தோல்விக் கணக்கு அவர் பெயரில் எழுதப்படும். செய்தித்தாள்கள் அவர் சொல்லை வெளியிடும். அடுத்த நாற்காலியில் அமர்பவர் துணைப் பயிற்சியாளர். அவர் பெயரில் வெற்றிக் கணக்கு எழுதும் வழக்கம் இல்லை. தோல்வி வந்து தலைவர் விலக்கப்பட்டால், புதிய தலைவர் தமக்கு வேண்டியவரை உடன் அழைத்து வருவார். பழைய துணைவர் பெரும்பாலும் வேறு ஊர் தேடிப் புறப்பட நேரிடும்.

தலைமையாசிரியரும் துணையாசிரியரும் சேர்ந்து பள்ளி நடத்தும் முறையை அறிந்தோர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. எனவே துணைப் பயிற்சியாளரின் வாழ்க்கைப் பாதை எவ்வாறு உருவாயிற்று என்னும் வரலாறு ஆசிரியர் உலகின் கவனத்திற்கு உரியது. இரண்டாம் நாற்காலி என்பது முதல் நாற்காலிக்கு ஏறும் படி மட்டுந்தானா? அன்றி, அதுவே தனித்ததொரு தொழிலா? தொழிலாயின் அதற்கு உரிய மதிப்பும் ஊதியமும் கிடைத்தனவா? இவ்வினாக்களுக்கு வட கரோலினாப் பல்கலைக் கழகத்தில் முப்பது ஆண்டுகள் துணைவராக இருந்த பில் கத்ரிஜ் என்பாரின் வாழ்க்கை நல்ல விடை தருகிறது.

ஆட்டம் பிறந்த இடம்

கூடைப்பந்தாட்டம் ஓர் ஆசிரியரின் படைப்பு. கனடா நாட்டில் 1861இல் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், மாசசூசட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரில் கிறித்துவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தார். குளிர்காலத்தில் வெளியே ஆட இயலாத மாணவர்க்கு உள்ளரங்கில் ஆடத்தக்க ஆட்டம் ஒன்று வேண்டியிருந்தது. 1891 டிசம்பரில் அவர் 13 விதிகளை வகுத்தார். பீச்சுப் பழக்கூடைகள் இரண்டை மேல்மாடத்தில் கட்டினார். பக்கத்திற்கு ஒன்பதின்மராகப் பதினெண்மர் முதல் ஆட்டத்தை ஆடினர்.

ஆட்டம் பரவியதும் ஆசிரியர்கள் வழியாகவே. அச்சங்கத்தின் பயிற்சி பெற்றோர் தாம் சென்ற நாடுகளிலெல்லாம் இதனைக் கற்பித்தனர். அமெரிக்கராகிய ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியும் அந்த மரபில் வந்ததே.

நெய்ஸ்மித் 1898இல் கன்சாஸ் பல்கலைக் கழகத்திற்குச் சென்றார். அங்கு அவர் நடத்திய குழு 55 ஆட்டங்களில் வென்று 60இல் தோற்றது. ஆட்டத்தைப் படைத்தவரே அப்பல்கலைக் கழகப் பயிற்சியாளர் வரிசையில் வெற்றியினும் தோல்வி மிகுதியாகப் பெற்றவர் என்பது வியப்பன்று. பயிற்சியாளர் என்னும் பதவியையே அவர் பெரிதாகக் கருதவில்லை. அவருடைய மாணவர் பாரஸ்ட் ஆலன் பயிற்சியாளராகப் போகிறேன் என்றபோது, இது பயிற்றத்தக்க ஆட்டமன்று, ஆடத்தக்க ஆட்டம் என்று அவர் கூறியதாக ஒரு செய்தி வழங்குகிறது.

மாணவரின் கருத்து வேறாக இருந்தது. ஆலன் 1907 முதல் 1909 வரையிலும், பின்னர் 1919 முதல் 1956 வரையிலும் கன்சாஸ் குழுவைப் பயிற்றினார். 1927இல் பயிற்சியாளர்களுக்கென ஒரு தேசியச் சங்கம் தோன்ற முன்னின்றார். 1936இல் பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்தில் கூடைப்பந்து இடம்பெற உழைத்தவரும் அவரே. பயிற்சியளித்தல் ஒரு தொழில் என்பது அவர் காலத்தில் நிலைபெற்றது. தொழில் என்று ஆனதும், அதனைக் கற்றுக்கொள்ளும் பருவம் ஒன்றும் தேவையாயிற்று. அப்பருவமே துணைப் பயிற்சியாளர் பதவி.

டீன் ஸ்மித் ஏறிய படிகள்

இப்பாதையின் படிகளை டீன் ஸ்மித்தின் இளமையில் தெளிவாகக் காணலாம். 1931இல் கன்சாஸ் மாநிலத்து எம்போரியா ஊரில் பிறந்த அவருடைய தாய் தந்தையர் இருவரும் பள்ளி ஆசிரியர்கள். தந்தை பள்ளிக் குழுவின் பயிற்சியாளராகவும் இருந்தார். 1934இல் மாநிலப் பட்டம் வென்ற அக்குழுவில் ஒரு கறுப்பின மாணவரையும் சேர்த்து ஆடச்செய்தார். அக்காலத்தில் அது எளிய செயலன்று.

ஸ்மித் கன்சாஸ் பல்கலைக் கழகத்தில் கணிதம் பயின்றார். ஆலனின் குழு 1952இல் தேசியப் பட்டம் வென்றபோது அதில் ஒருவராக இருந்தார். ஆயினும் அவர் பெரும்பாலும் களத்திற்கு வெளியே அமர்ந்திருந்த ஆட்டக்காரரே. வெளியே அமர்ந்திருந்தவர் ஆட்டத்தை ஊன்றி நோக்கினார். பட்டம் பெற்றபின் ஆலனுக்கு உதவியாளரானார். விமானப் படையில் பணியாற்றியபின், புதிதாகத் தொடங்கிய விமானப் படைக் கல்லூரியில் பாப் ஸ்பியர் என்பாருக்குத் துணைவராக 1955 முதல் 1958 வரை இருந்தார். அதன்பின் வட கரோலினாவில் பிராங்க் மக்குவயருக்குத் துணைவரானார். 1961இல், விதிமீறலுக்காகத் தண்டனை பெற்றிருந்த நிலையில் அக்குழுவை விட்டு மக்குவயர் விலகவே, முப்பது வயதுத் துணைவரிடம் தலைமை வந்து சேர்ந்தது.

முதற் பருவத்தில் 8 வெற்றி, 9 தோல்வி. 1965 சனவரியில் தோற்றுத் திரும்பியபோது மாணவர் அவருடைய கொடும்பாவியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தனர். ஆட்டக்காரர் பில்லி கன்னிங்ஹாம் பேருந்தினின்று இறங்கி ஓடி அதனைப் பிய்த்தெறிந்தார். பல்கலைக் கழகத் தலைமை ஸ்மித்தை விலக்கவில்லை. 1997இல் அவர் ஓய்வு பெற்றபோது அவர் பெயரில் 879 வெற்றிகள் இருந்தன. கென்டக்கியில் அடால்ப் ரப் நிறுத்திச் சென்ற 876 என்னும் எல்லையை அவர் கடந்திருந்தார். ரப்பும் கன்சாஸில் ஆலனிடம் பயின்றவரே. ஓர் ஆசிரியரின் மாணவர் இருவரிடையே அச்சாதனை கைமாறியது.

கணிதம் கற்ற மற்றொருவர்

பில் கத்ரிஜ் 1937இல் கன்சாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் ஊரில் பிறந்தார். அவரும் கணித மாணவரே. கன்சாஸ் மாநிலப் பல்கலைக் கழகத்தில் டெக்ஸ் விண்டர் என்னும் புகழ்பெற்ற பயிற்சியாளரின் கீழ் ஆடினார். 1960இல் பட்டம் பெற்று, ஸ்காட் சிட்டி என்னும் சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் ஈராண்டு பயிற்சியாளராக இருந்தார். 1962இல் தம் ஆசிரியர் விண்டருக்குத் துணைவராகத் திரும்பினார். 1967இல் டீன் ஸ்மித் அவரை வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகருக்கு அழைத்துக்கொண்டார்.

ஆடுவது, சிறிய பள்ளியில் பயிற்றுவது, தம் ஆசிரியரிடம் துணைவராவது, பின்னர் வேறொரு பெரியவரிடம் துணைவராவது ஆகிய நான்கு படிகளையும் முப்பது வயதிற்குள் அவர் கடந்துவிட்டார். ஐந்தாம் படி தலைமைப் பதவி. அப்படியில் கால் வைக்க அவருக்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

துணைவரின் பணி

துணைவரின் வேலை ஆட்ட நாளில் கண்ணுக்குத் தெரிவதில்லை. உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சென்று திறமையுள்ள மாணவரைக் கண்டறிவதும், அவர்தம் பெற்றோரிடம் பேசுவதும் அவர் பொறுப்பு. எதிர்க்குழுவின் ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெடுப்பார். மாணவர் வகுப்பிற்குச் செல்கின்றனரா, தேர்வில் தேறுகின்றனரா என்பதையும் பார்க்க வேண்டும். தலைவரின் கடுஞ்சொல்லால் மனம் வாடிய மாணவர் முதலில் வந்து நிற்பதும் துணைவரின் அறை வாயிலில்தான்.

கத்ரிஜ் பந்தெறியும் முறையைத் திருத்துவதிலும், கூடையருகே நின்று ஆடும் உயரமான ஆட்டக்காரரைப் பழக்குவதிலும் வல்லவர் எனப் பெயர் பெற்றார். 1976இல் மாண்ட்ரீல் ஒலிம்பிக் பந்தயத்திற்கு அமெரிக்கக் குழுவை ஸ்மித் நடத்திச் சென்றபோது துணைவர் இருவருள் ஒருவராகச் சென்றார். 1972இல் சோவியத் நாட்டிடம் இழந்த தங்கப் பதக்கம் அவ்வாண்டு மீண்டது.

ஸ்மித்தின் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. பந்தைக் கூடையில் இட்டவர், அப்பந்தைத் தமக்குத் தந்தவரை நோக்கி விரல் நீட்டிச் சுட்ட வேண்டும். புள்ளி பெற்றவரைக் கூட்டம் பார்க்கும். அவர் கையோ கொடுத்தவரைக் காட்டும். இன்று உலகெங்கும் பல குழுக்களில் இவ்வழக்கம் காணப்படுகிறது. துணைப் பயிற்சியாளர் பதவியின் பொருளை விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

1978ஆம் ஆண்டு

1978இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக் கழகத்தின் தலைமைப் பதவி கத்ரிஜை நாடி வந்தது. வயது நாற்பதைக் கடந்துவிட்டது. பதினொரு ஆண்டுத் துணைப்பணி முடிந்திருந்தது. அக்காலத்தில் அவர் நிலையிலிருந்த எவரும் மறுக்காத அழைப்பு அது. அவரும் போகும் நிலைக்கு வந்து, பின்னர் மனம் மாறிச் சேப்பல் ஹில்லிலேயே தங்கிவிட்டார்.

அதே ஆண்டில் ராய் வில்லியம்ஸ் என்னும் இளைஞர் அக்குழுவில் பகுதிநேரத் துணைவராகச் சேர்ந்தார். பள்ளிப் பயிற்சியாளர் வேலையை விட்டு வந்த அவருக்கு முதலாண்டுக் கூலி 2,700 அமெரிக்க வெள்ளி. மனைவி மக்களைக் காக்க அவர் நாட்காட்டிகள் விற்றார். ஸ்மித்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பதிவுகளைத் தம் வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு கொடுத்தார். பத்தாண்டு இவ்வாறு உழைத்தபின், 1988இல் கன்சாஸ் பல்கலைக் கழகம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. 2003இல் வட கரோலினாவுக்குத் திரும்பி, 2005, 2009, 2017 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தேசியப் பட்டம் வென்றார்.

ஸ்மித்தின் மற்றொரு துணைவரான எடி போக்ளரும் 1986இல் தலைமைப் பதவி பெற்றுச் சென்றார். வந்தோர் ஏறிச் சென்றனர். கத்ரிஜ் இருந்த இடத்தில் இருந்தார். அவரைத் தேங்கிப் போனவர் என்று கருதியோரும் இருந்திருப்பர். ஆயினும் அவர் பயிற்றிய குழு 1982இலும் 1993இலும் தேசியப் பட்டம் வென்றது. அவர் துணைவராக இருந்த முப்பது ஆண்டுகளில் அக்குழு பத்து முறை நாட்டின் கடைசி நான்கு குழுக்களுள் ஒன்றாகத் தேறியது. ஆண்டுதோறும் மாணவர் மாறும் கல்லூரியில் இத்தகைய தொடர்ச்சி தற்செயலாக வருவதன்று.

அறுபதில் வந்த தலைமை

1997 அக்டோபரில், பருவப் பயிற்சி தொடங்கும் தறுவாயில், ஸ்மித் ஓய்வை அறிவித்தார். கத்ரிஜ் தலைமை ஏற்றார். அப்பொழுது அவருக்கு வயது அறுபது.

ஏறத்தாழச் சமத் திறமையுள்ள ஆட்டக்காரர் அறுவர் அவ்வாண்டு குழுவில் இருந்தனர். தொடக்கத்தில் களம் இறங்குவோர் ஐவரே. கத்ரிஜ் அறுவரையும் முறைவைத்து மாற்றி இறக்கினார். ஒருவரை நிலையாக வெளியே இருத்தி மனம் நோகச் செய்யவில்லை. முப்பதாண்டு வெளியே அமர்ந்தவருக்கு அவ்விடத்தின் அருமை தெரியும். குழு 34 ஆட்டங்களில் வென்று, 4இல் மட்டுமே தோற்றது. நாட்டின் சிறந்த பயிற்சியாளர் என்னும் சிறப்பு அவ்வாண்டு அவரைச் சேர்ந்தது.

மூன்றாம் பருவத்தில் தோல்விகள் பெருகின. குறை கூறுவோரும் பெருகினர். ஆயினும் அக்குழு 2000ஆம் ஆண்டில் மீண்டும் கடைசி நான்கினுள் வந்தது. அக்கோடையில் கத்ரிஜ் தாமாக ஓய்வு பெற்றார். தலைவராக மூன்றாண்டில் அவர் பெற்றவை 80 வெற்றி, 28 தோல்வி. ஆட்டக்காரராக 1958இல் ஒரு முறை, விண்டரின் துணைவராக 1964இல் ஒரு முறை, ஸ்மித்தின் துணைவராகப் பத்து முறை, தலைவராக இரு முறை, ஆகப் பதினான்கு முறை கடைசி நான்கின் சுற்றைக் கண்டவர் அவர். ஸ்மித் 2015 பிப்ரவரியில் காலமானார். அவ்வாண்டு மே மாதத்தில் கத்ரிஜும் மறைந்தார்.

இவருடைய ஆசிரியர் விண்டர் இதற்கு நேர்மாறான வழியில் சென்றார். இளமையிலேயே தலைவராகிப் பல குழுக்களை நடத்திய அவர், அறுபது வயதைக் கடந்தபின் 1985இல் சிகாகோவின் தொழில்முறைக் குழுவில் துணைவராகச் சேர்ந்தார். சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் துணைவராக இருந்து ஒன்பது பட்டங்களில் பங்கு கொண்டார். ஒருவர் துணைவராகத் தொடங்கித் தலைவரானார். மற்றவர் தலைவராக இருந்து துணைவரானார். ஆகவே இரண்டாம் நாற்காலி படியாகவும் இருக்கலாம், இருப்பிடமாகவும் இருக்கலாம்.

பதினாறாயிரம் வெள்ளி வழக்கு

பதவியின் மதிப்பைப் புகழ்வது எளிது. அதற்கு உரிய ஊதியம் கொடுப்பதே அரிது. என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1991இல் ஒரு விதி செய்தது. முதல் பிரிவுக் கல்லூரி ஒன்றில் தலைவர் ஒருவர், துணைவர் இருவர் ஆகியோரோடு நான்காமவராக ஒருவர் இருக்கலாம். அவர் ஊதியம் கல்வியாண்டிற்கு 12,000 வெள்ளியையும், கோடை விடுமுறைக்கு 4,000 வெள்ளியையும் தாண்டலாகாது என்பதே அவ்விதி. 1992இல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அத்தகைய பணியில் சிலர் 60,000 முதல் 70,000 வெள்ளி வரை பெற்று வந்தனர்.

செலவைக் குறைப்பதும், தொழிலுக்குப் புதியவர் நுழைய ஓர் இடம் வைப்பதும் நோக்கம் என்று சங்கம் கூறியது. பாதிக்கப்பட்ட பயிற்சியாளர்கள் கன்சாஸ் மாநிலத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். கல்லூரிகள் ஒன்றுகூடி ஊதியத்திற்கு எல்லை கட்டுவது, வணிகர் கூடி விலை கட்டுவதை ஒக்கும். அது போட்டியைக் காக்கும் சட்டத்திற்கு மாறானது என்பது அவர்கள் வாதம். 1995இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1998 சனவரியில் மேல் நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. புதியவர்க்கு இடம் வைப்பதாகக் கூறும் அவ்விதியில், அனுபவம் மிக்கவர் அவ்விடத்தில் அமர்வதைத் தடுக்கும் சொல் ஒன்றும் இல்லை என்பதை மேல் நீதிமன்றம் சுட்டியது. 1999இல் 5 கோடியே 45 இலட்சம் வெள்ளி கொடுக்க இசைந்து சங்கம் வழக்கை முடித்துக்கொண்டது.

பயில்பவர் என்று பெயரிட்டு, தேர்ந்தவரிடம் வேலை வாங்கிக் குறைந்த கூலி கொடுக்கும் வழக்கம் விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. அவ்வழக்கைத் தொடுத்தவர்கள் துணைவர்கள். அவர்கள் பெயரை ஆட்ட வரலாற்று நூல்கள் பெரிதாகக் கூறுவதில்லை. ஆயினும் அவர்கள் பெற்ற தீர்ப்பு, பல பட்டங்களினும் நெடிது நின்று பயன் தருவது.

அடைத்திருந்த கதவுகள்

இப்பாதை நெடுங்காலம் எல்லோர்க்கும் திறந்திருக்கவில்லை. 1933இல் கன்சாஸ் பல்கலைக் கழகத்தில் சேர்ந்த ஜான் மக்லெண்டன் கறுப்பினத்தவர். பல்கலைக் கழகக் குழுவில் ஆட அவருக்கு இடமில்லை. ஆயினும் முதுமையிலிருந்த நெய்ஸ்மித் அவரைத் தம் மாணவராக ஏற்று வழிகாட்டினார். மக்லெண்டன் வட கரோலினாவில் கறுப்பினத்தார்க்கென இருந்த கல்லூரியில் 1937இல் துணைவராகத் தொடங்கித் தலைவரானார். பின்னர் டென்னசி மாநிலத்தில் ஒரு கல்லூரிக் குழுவை நடத்தி, 1957 முதல் 1959 வரை தொடர்ந்து மூன்று தேசியப் பட்டங்கள் பெற்றுத் தந்தார். வெள்ளையர் மிகுந்த பல்கலைக் கழகம் ஒன்று அவருக்குத் தலைமை தந்தது 1966இல்தான்.

1976 ஒலிம்பிக் பந்தயத்தில் கத்ரிஜோடு துணைவராக இருந்த ஜான் தாம்சன், 1984இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக் கழகக் குழுவைத் தேசியப் பட்டத்திற்கு உயர்த்தினார். அப்பட்டம் வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் அவரே. 1990இல் கென்டக்கி பல்கலைக் கழகம் பெர்னடெட் மேட்டாக்ஸ் என்னும் பெண்மணியை ஆடவர் குழுவிற்குத் துணைப் பயிற்சியாளராக அமர்த்தியது. முதல் பிரிவில் அதுவே முதல் முறை. இக்கதவுகள் யாவும் முதலில் திறந்தது இரண்டாம் நாற்காலியின் பக்கமே என்பது கருதத்தக்கது.

வரலாறு உணர்த்துவது

2023இல் என்.சி.ஏ.ஏ. தன் விதியை மாற்றி, கூடைப்பந்துக் குழு ஒவ்வொன்றிலும் மேலும் இரு துணைவர் பயிற்சியளிக்க இடம் தந்தது. பாதை அகன்றிருக்கிறது. அப்பாதையில் நுழையும் இளைஞர்க்குக் கத்ரிஜின் வாழ்க்கை ஒரு செய்தியையும், 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பு மற்றொரு செய்தியையும் கூறுகின்றன. துணைப்பணியைத் தாழ்ந்ததென எண்ணிச் செய்பவர் அதில் தேர்ச்சி பெறார் என்பது ஒன்று. துணைப்பணி உயர்ந்ததென வாயாற் புகழ்ந்து, கூலியில் கைவைக்கும் நிறுவனம் அப்புகழுக்கு உரியதன்று என்பது மற்றொன்று.

இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதற் செய்தியை மட்டும் கற்பித்தால் உழைப்பவர் ஏமாற்றப்படுவர். இரண்டாவதை மட்டும் கற்பித்தால் தொழிலின் இன்பம் தெரியாமலே போகும். நல்ல தலைமை, தன்னிடம் பந்தைத் தந்தவரை விரல் நீட்டிச் சுட்டும். அவருக்கு உரிய ஊதியத்தையும் கணக்கில் எழுதிக் கொடுக்கும்.